“பெயரை மூலதனத்தில் எழுதவும்”: ‘கேபிடல்’ என்ற சொல்லோடு பழக ஒரு வழிகாட்டி

“உங்கள் பெயரை மூலதனத்தில் எழுதவும்.”

ஒரு விண்ணப்பப் படிவத்தில் நானே படித்த வரி இது. கணினி செய்த மொழிபெயர்ப்பை யாரும் ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கேபிடல்’ என்பது பெரிய எழுத்தையும் குறிக்கும், மூலதனத்தையும் குறிக்கும்; கணினி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் சிரிக்க எனக்கு அவ்வளவு உரிமை கிடையாது. மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்தபோது, ஓர் ஆண்டறிக்கையில் இருந்த சந்தை மதிப்பை நான் ‘நிறுவனத்தின் மூலதனம்’ என்று எழுதிவிட்டேன். இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். சரிபார்த்த கணக்கர் கூப்பிட்டு, “ஒரே வரியில் கம்பெனியைப் பெரிய ஆளாக்கிட்டீங்களே” என்றார்.

அந்தப் படிவம் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒன்றுதான். ‘கேபிடல்’ என்ற சொல்லைத் தனியாகப் பிய்த்து எடுத்து அதற்கு ஒரு பொருளை ஒட்டினோம். அந்தச் சொல் தனியாக நின்று எதையும் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் சொல்தான் சொல்லும். கணக்கு, வணிகக் கடிதம், ஒப்பந்தம், ஆங்கிலக் கட்டுரை என்று எதையாவது புதிதாகப் படிக்கவோ எழுதவோ தொடங்குபவர்கள் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வேரைப் பார்த்துவிடுங்கள்

லத்தீனில் ‘காபுட்’ என்றால் தலை. எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கிறது. வாக்கியத்தின் தலையில் நிற்பது கேபிடல் எழுத்து. நாட்டுக்குத் தலையான ஊர் கேபிடல். தமிழிலும் அது தலைநகர்தான். தலை போகிற குற்றத்துக்குத் தருவது கேபிடல் தண்டனை, அதாவது மரண தண்டனை. தூணின் உச்சியில் இருக்கும் பகுதிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்; நம் சிற்பிகள் போதிகை என்பார்கள்.

பணத்துக்கு எப்படி வந்தது? இடைக்கால லத்தீனில் ‘காபிடாலே’ என்றால் சொத்து. கால்நடையைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த வழியில் வந்ததுதான். ஒருவரிடம் எத்தனை தலை மாடு இருக்கிறது என்பதே அவருடைய வசதிக்கு அளவாக இருந்த காலம். தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன.

வேர் தெரிந்தால் பொருள் தானாக வந்துவிடும் என்று சொல்லவில்லை. அகராதியில் பத்துப் பொருள் வரிசையாக நிற்கும்போது பயம் வராது, அவ்வளவுதான்.

படி 2: முதல் சல்லடை

ஆங்கில வரியில் இந்தச் சொல்லைக் கண்டதும் நான் பார்ப்பது, அதற்குப் பின்னால் பன்மையைக் காட்டும் ‘எஸ்’ இருக்கிறதா என்பதை. இருந்தால் அது அநேகமாகப் பணம் இல்லை. பணத்தைக் குறிக்கும் கேபிடலை ஆங்கிலத்தில் எண்ண மாட்டார்கள். தண்ணீர், மணல் மாதிரி அது அளவுச் சொல். எழுத்துகளை எண்ணலாம், தலைநகரங்களை எண்ணலாம், போதிகைகளை எண்ணலாம். அந்தப் படிவத்தின் மூல வரியில் இருந்தது ‘கேபிடல்ஸ்’ என்றால், அந்த ஒரு ‘எஸ்’ஸே போதும், மூலதனம் கிடையாது என்று சொல்ல.

அடுத்து எழுத்துக்கூட்டல். கடைசிக்கு முந்தைய எழுத்து ‘ஏ’ என்றால் மேலே சொன்ன அத்தனை பொருளும். அங்கே ‘ஓ’ இருந்தால் அது ஒரு கட்டடம். ரோம் நகரின் காப்பிடோலைன் குன்றின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அமெரிக்காவில் நாடாளுமன்றமும், பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்களும் கூடும் கட்டடத்துக்குப் பெயர். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால், ‘வாஷிங்டன் கேபிடல்’ என்று படிப்பவருக்கு நகரமா கட்டடமா என்று தெரியாது. ‘நாடாளுமன்றக் கட்டடம்’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

பழைய ஆங்கிலக் கதைகளில் யாராவது “கேபிடல்!” என்று கூவினால் “பிரமாதம்!” என்று அர்த்தம். இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. கடந்து போகலாம்.

படி 3: பணம்தான் என்று தெரிந்தபின் மூன்று கேள்விகள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘பணம்’ என்று முடிவாகிவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வேலை இங்கேதான் தொடங்குகிறது. யாருடைய பணம்? எந்த நாளில் எடுத்த கணக்கு? அது உண்மையில் பணமா, இல்லை பணத்தால் வாங்கிய பொருளா? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

கணக்குப் புத்தகத்தில் கேபிடல் என்பது முதலாளி போட்ட முதல். தொழிலின் சொத்துகளிலிருந்து வெளியாட்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்தால் என்ன மிஞ்சுமோ அது. கணக்குப்பதிவு படிக்க வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “முதல் நம்முடைய பணம்தானே, அதை ஏன் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) பொறுப்புகள் பக்கம் எழுதுகிறார்கள்?” காரணம், கணக்கு எழுதும்போது தொழில் வேறு, நீங்கள் வேறு. நீங்கள் போட்ட பணத்தைத் தொழில் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. தொழிலின் கண்ணில் நீங்களும் பணம் கொடுத்தவர்தான். என்ன, வரிசையில் கடைசியில் நிற்பவர். எல்லோருக்கும் கொடுத்தபின் மீதி இருந்தால்தான் உங்களுக்கு. சொந்தச் செலவுக்கு நடுவில் எடுத்தால் அது ‘எடுப்பு’; நீங்கள் போட்ட முதலிலிருந்து அது கழியும். ஒவ்வொரு வரவுசெலவையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி லூக்கா பாச்சோலியின் நூல் வெனிஸில் 1494இல் அச்சானது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் குழப்பமும் கூடவே வருகிறது என்பது என் ஊகம்.

கம்பெனி என்று வந்துவிட்டால் ஒரே நிறுவனத்துக்குப் பல ‘கேபிடல்’ இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு பங்கின் முகமதிப்பு 10. ஒரு லட்சம் பங்குகள்வரை வெளியிடலாம் என்று நிறுவனத்தின் ஆவணம் சொல்கிறது. அப்படியென்றால் அங்கீகரிக்கப்பட்ட முதல் 10 லட்சம். இதில் பணம் ஒன்றும் இல்லை. இது வெறும் உச்சவரம்பு. இதுவரை வெளியிட்டது 60,000 பங்குகள். வாங்கியவர்கள் முழுத் தொகையையும் கட்டிவிட்டார்கள். செலுத்தப்பட்ட முதல் 6 லட்சம். இத்தனை ஆண்டில் பங்குதாரருக்குக் கொடுக்காமல் நிறுவனத்திலேயே வைத்திருக்கும் லாபம் 4 லட்சம் என்றால், உரிமையாளர்களின் மொத்த நிதி 10 லட்சம். பங்குச் சந்தையில் இன்றைய விலை 50 என்றால், 60,000 பங்குக்குச் சந்தை மதிப்பு 30 லட்சம்.

ஆக 10, 6, மறுபடி வேறொரு 10, அப்புறம் 30. எல்லாவற்றின் ஆங்கிலப் பெயரிலும் கேபிடல் எட்டிப் பார்க்கக்கூடும். என்னை மாட்டிவிட்டது அந்தக் கடைசி 30. ஆங்கிலத்தில் ‘மார்க்கெட் கேபிடலைசேஷன்’ என்று நீளமாக இருக்கும். செய்திகளில் ‘மார்க்கெட் கேப்’ என்று சுருக்குவார்கள். அது நிறுவனத்திடம் இருக்கும் தொகை இல்லை. சந்தையில் விலை மாறினால் நிறுவனத்துக்குள் ஒரு காசு வராமலும் போகாமலும் அந்த எண் மாறும்.

‘வொர்க்கிங் கேபிடல்’ இன்னொன்று. தமிழில் நடைமுறை மூலதனம். தொழில் செய்பவர்கள் வாயில் இது ‘ரொட்டேஷன்’. “லாபம் இருக்கு, ரொட்டேஷனுக்குப் பணம் இல்லை” என்று ஒருவர் புலம்பினால் அவர் சொல்வது இதைத்தான். ஓராண்டுக்குள் பணமாகக்கூடியவற்றைக் கூட்டி, ஓராண்டுக்குள் கட்ட வேண்டியவற்றைக் கழிக்க வேண்டும். சரக்கு 3 லட்சம், வர வேண்டியது 2 லட்சம், கையிருப்பு 1 லட்சம். கொடுக்க வேண்டியது 4 லட்சம். மிச்சம் 2 லட்சம்தான் நடைமுறை மூலதனம். கவனியுங்கள், அந்த 2 லட்சம் பெட்டியில் ரொக்கமாக இருக்காது. விற்காத சரக்காகவும் வசூலாகாத பில்லாகவும் கிடக்கும். லாபத்தில் ஓடும் தொழில்கூட இந்த இடத்தில் மூச்சு முட்டி நின்றுபோவதுண்டு.

‘கேபிடல் செலவு’ என்பதை ‘முதல் செலவு’ என்று எழுதிவிடாதீர்கள்; மூலதனச் செலவு. பாடநூல்களில் முதலினச் செலவு என்று இருக்கும். இதற்கு எதிர்ப்பதம் வருவாய்ச் செலவு. ஒரு செலவின் பலன் ஓராண்டைத் தாண்டி நீடித்தால் மூலதனச் செலவு. அந்த ஆண்டோடு தீர்ந்தால் வருவாய்ச் செலவு. இயந்திரம் வாங்கினால் மூலதனச் செலவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கொண்டுவந்த வண்டிக் கூலி? நிறுவிய கூலி? அவையும் இயந்திரத்தின் விலையோடு சேரும், மூலதனச் செலவுதான். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குச் செய்யும் வழக்கமான பழுதுபார்ப்பு வருவாய்ச் செலவு. ஆனால் பழைய இயந்திரத்தை வாங்கி, ஓட வைப்பதற்காகச் செய்யும் முதல் பழுதுபார்ப்பு மறுபடி மூலதனச் செலவு. வேலை ஒன்றே, நேரம்தான் வேறு.

இது ஏதோ பரீட்சைக்கான நுணுக்கம் என்று தோன்றலாம். வருவாய்ச் செலவு அந்த ஆண்டு லாபத்தை அப்படியே குறைக்கும். மூலதனச் செலவு சொத்தாக உட்கார்ந்து, தேய்மானமாகப் பல ஆண்டுகளில் மெதுவாகக் கழியும். அதனால் அன்றாடச் செலவைத் தூக்கி மூலதனப் பக்கம் போட்டால் லாபம் பளபளவென்று தெரியும். அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனம் இதைத்தான் செய்தது. மற்ற தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டும் இணைப்புக் கட்டணத்தைச் சொத்தாக எழுதிவந்தது. 2002 ஜூனில் வெளியே வந்தபோது முதலில் சொல்லப்பட்ட தொகை 380 கோடி டாலர். ஒரு சொல்லை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில் அவ்வளவு பணம்.

‘கேபிடல் கெயின்’ என்றால் மூலதன ஆதாயம்: சொத்தை விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலான மிச்சம். வீட்டு வாடகையும் பங்கின் ஈவுத்தொகையும் இதில் வராது. மரத்தை விற்ற லாபம் வேறு, பழத்தை விற்ற வரவு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிச் செய்திகளில் வரும் கேபிடல் தனி ஜாதி. நாம் போட்டு வைக்கும் டெபாசிட் வங்கியின் மூலதனம் என்று பலர் நினைக்கிறார்கள். டெபாசிட் வங்கியின் கடன். வங்கியின் மூலதனம் என்பது முக்கியமாக அதன் உரிமையாளர்களின் பணம்; கொடுத்த கடன்கள் வராமல் போனால் முதல் அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை. பல நாட்டு வங்கிக் கண்காணிப்பாளர்கள் அடங்கிய பாசல் குழு 1988இல் வகுத்த விதி, அபாயத்துக்கு ஏற்ப எடை போட்ட சொத்துகளில் குறைந்தது 8 சதவீதம் மூலதனம் இருக்க வேண்டும் என்றது. அந்த 8 சதவீதம் பூட்டிய பெட்டியில் தனியாக இருக்கும் ரொக்கம் என்று புரிந்துகொள்ளக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் எண் அது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

பொருளாதாரப் பாடத்துக்குள் நுழைந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே நிலம், உழைப்பு, மூலதனம் என்று அடுக்கும்போது மூலதனம் என்பது பணமே இல்லை. இயந்திரம், கட்டடம், கருவி. அதை விரித்து, படிப்பையும் திறமையையும் ‘மனித மூலதனம்’ என்று 1960களில் பொருளாதார அறிஞர்கள் தியோடர் ஷுல்ட்ஸும் கேரி பெக்கரும் பரவலாக்கினார்கள். பிறகு சமூக மூலதனம், பண்பாட்டு மூலதனம் என்று வரிசை நீண்டுவிட்டது. கணக்கர் ஒருவரிடம் போய் “எங்கள் ஊழியர்கள்தான் எங்கள் மூலதனம்” என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்பார்.

படி 4: வினைச்சொல்லாக வந்தால் நிதானம்

‘கேபிடலைஸ்’ என்று வரும்போது நான்கு பொருள் இருக்கலாம். எழுத்தைப் பெரிதாக எழுதுவது. செலவைச் சொத்தாகப் பதிவது. கட்டாத வட்டியை அசலோடு சேர்ப்பது. தொழிலுக்கு முதல் திரட்டுவது. இதன் பின்னால் ‘ஆன்’ வந்தால் ஐந்தாவது: கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது. கடன் பத்திரத்தில் வட்டி ‘கேபிடலைஸ்’ ஆகும் என்று இருந்தால் மட்டும் நின்று இன்னொரு முறை படியுங்கள். வட்டிக்கு வட்டி என்று நேராகச் சொல்லத் தயங்கும் இடம் அது.

படி 5: எழுத்து என்றால்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. லத்தீன், கிரேக்கம், சிரிலிக், ஆர்மீனியம் போன்ற சில எழுத்துமுறைகளில்தான் உண்டு. ரோமானியர் கல்லில் வெட்டியதெல்லாம் பெரிய எழுத்துகள். சின்ன எழுத்துகள் 800ஆம் ஆண்டை ஒட்டி, ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் காலத்தில் சீரான வடிவம் பெற்றன. அச்சுக்கோப்பவர்கள் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சின்னவற்றைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்ததால் ‘அப்பர் கேஸ்’, ‘லோயர் கேஸ்’ என்ற பெயர்கள்.

நம் மொழியில் இல்லாத ஒன்று என்பதால் ஆங்கிலம் எழுதும்போது இரண்டில் ஒன்றைச் செய்கிறோம்: மறந்தே போகிறோம், அல்லது முக்கியமாகத் தோன்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் மகுடம் சூட்டுகிறோம். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கம், ‘நான்’ என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்து, ஆட்கள், ஊர்கள், மொழிகள், கிழமைகள், மாதங்கள் ஆகியவற்றின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். பருவகாலப் பெயர்கள் தொடங்காது. ‘மேனேஜர்’ என்பது பதவி என்பதற்காகவே நடு வாக்கியத்தில் பெரிதாகிவிடாது. இதெல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில், பிரெஞ்சில் கிழமைகூடச் சின்ன எழுத்தில். வழக்கங்கள் மாறவும் செய்யும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ‘இன்டர்நெட்’ என்பதைச் சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கியது 2016இல்தான்.

சில இடங்களில் எழுத்தின் அளவு மாறினால் பொருளே மாறும். மார்ச் மாதத்தைச் சின்ன எழுத்தில் தொடங்கினால் அணிவகுப்பு. வாட் அளவின் முன்னால் பெரிய ‘எம்’ போட்டால் மெகாவாட், சின்ன ‘எம்’ போட்டால் மில்லிவாட். நடுவில் 100 கோடி மடங்கு. இணைய வேகத்தில் சின்ன ‘பி’ பிட், பெரிய ‘பி’ பைட்; 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காதது இதனால்தான், நிறுவனத்தோடு சண்டை போட வேண்டாம். வேதியியலில் ‘சி’க்குப் பின் சின்ன ‘ஓ’ வந்தால் கோபால்ட் உலோகம், பெரிய ‘ஓ’ வந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு.

முழு வாக்கியத்தையும் பெரிய எழுத்தில் தட்டினால் கத்துவது போல இருக்கும். அலுவல் மின்னஞ்சலில் வேண்டாம்.

சரி, அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்? ‘ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதவும்.’ ‘முதலெழுத்தில்’ என்று எழுதினால் இன்னொரு குழப்பம். தமிழ் இலக்கணத்தில் முதலெழுத்து என்றால் உயிரும் மெய்யும் சேர்ந்த முப்பது. ‘தலைப்பெழுத்து’ என்றால் பெயருக்கு முன் போடும் இனிஷியல். ‘பெரிய எழுத்து’ என்பதில் அழகு குறைவு, தப்பு நடக்காது.

படி 6: தமிழில் முதலா, மூலதனமா?

‘முதல்’ நல்ல பழைய சொல். “முதலிலார்க்கு ஊதியமில்லை” என்று குறளே சொல்கிறது. ‘முதலுக்கே மோசம்’, ‘கைமுதல்’, ‘போட்ட முதல் தேறவில்லை’ என்று பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தனியாக வரும்போது தாராளமாக எழுதுங்கள். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போதுதான் சிக்கல். ‘முதல் இழப்பு’ என்றால் முதல் தடவை வந்த இழப்பா, போட்ட பணத்தில் வந்த இழப்பா? பாடநூல்காரர்கள் ‘முதலின’ என்று ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். பொது வாசகருக்கு நான் ‘மூலதன இழப்பு’ என்றே எழுதுகிறேன். அப்புறம், ‘பேராசையால் முதலை விட்டார்’ என்று எழுதினால் ஆற்றில் விட்டாரா என்று கேட்க ஒருவர் எப்போதும் இருப்பார்.

படி 7: ஒப்பந்தத்தில் இரண்டும் சேர்ந்து வரும்போது

ஆங்கில ஒப்பந்தங்களில் நடு வாக்கியத்தில் ஒரு சாதாரணச் சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது அலங்காரம் இல்லை. அந்தச் சொல்லுக்கு இந்த ஆவணத்துக்கு மட்டும் தனிப் பொருள் வகுத்திருக்கிறார்கள் என்று அடையாளம். ‘கேபிடல்’ என்ற சொல்லே அப்படிப் பெரிய ‘சி’யோடு வரலாம். ஒரு கூட்டாளி ஒப்பந்தத்தில் பெரிய ‘சி’ போட்ட கேபிடல் என்பது கூட்டாளிகள் தொடக்கத்தில் போட்ட பணத்தை மட்டும் குறிக்கலாம். பின்னால் சேர்ந்த லாபம் அதில் அடங்காமல் போகலாம். பிரியும்போது ‘கேபிடல்’ திருப்பித் தரப்படும் என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்கள் மனதில் போட்ட கணக்கு ஒன்றும் கைக்கு வருவது ஒன்றுமாக இருக்கும்.

அதனால் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும், பக்கம் ஒன்றிலிருந்து படிக்காமல் வரையறைகள் என்ற பிரிவுக்கு நேராகப் போங்கள். பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாக அங்கே தேடுங்கள். உள்ளே பெரிய ‘சி’ போட்ட கேபிடல் வருகிறது, வரையறையில் அது இல்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் எழுதியவரிடமே கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அந்தப் பிரிவில் சேர்க்கச் சொல்லுங்கள்.